தண்டனையும் திருத்தமும்: நோர்போக் தீவு தரும் பாடம்

சிட்னி நகருக்குக் கிழக்கே, ஏறக்குறைய ஆயிரம் மைல் தொலைவில், பசிபிக் சமுத்திரத்தின் நடுவே நோர்போக் என்னும் சிறு தீவொன்று இருக்கின்றது. ஐந்து மைல் நீளமும் மூன்று மைல் அகலமுமே கொண்டது அது. 1774 ஆம் ஆண்டிலே அதனைக் கண்ட கப்டன் குக், அங்கு வானளாவி நின்ற பைன் மரங்களைக் கண்டு வியந்தார். இயற்கை அழகெல்லாம் ஒருங்கே திரண்ட அத்தீவு, அரை நூற்றாண்டு கழிந்தபின் மனிதர் கையிலே நரகமாயிற்று. ஏற்கனவே நாடு கடத்தப்பட்டு, வந்த இடத்திலும் மீண்டுங் குற்றம் புரிந்த கைதிகளை அடைத்து வைப்பதற்கென 1825 ஆம் ஆண்டிலே அங்கே கடுஞ்சிறை நிறுவப்பட்டது. அங்கு அனுப்பப்படுபவன் திரும்பி வருவோமென்ற நம்பிக்கையை அறவே இழந்துவிட வேண்டும் என்பதே அதனை நிறுவியோரின் நோக்கமாகும்.

அந்நோக்கம் எவ்வளவு தூரம் நிறைவேறிற்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சியே போதிய சான்று. 1834 ஆம் ஆண்டிலே தீவின் கைதிகள் கலகஞ் செய்தனர். கலகம் அடக்கப்பட்டது. பலருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டு, அவருள் 13 பேரைத் தூக்கிலிடவும் ஏனையோரை உயிரோடு விடவும் தீர்மானமாயிற்று. இச்செய்தியைக் கைதிகளுக்கு அறிவித்து, சாகப் போவோரை ஆயத்தஞ் செய்யும்பொருட்டு உல்லதோன் என்னும் கத்தோலிக்க குரு சிறைக்குள்ளே சென்றார். உயிர்ப்பிச்சை பெற்றோரின் பெயர்களையும் சாகவேண்டியோரின் பெயர்களையும் அவர் வாசித்தபோது, பிழைத்தவர்கள் கண்ணீர் விட்டழுதனர். சாகவேண்டியவர்களோ முழந்தாளிட்டுக் கடவுளுக்கு நன்றி கூறினர். இதனை அக்குருவே பின்னர்ப் பிரித்தானியப் பாராளுமன்ற விசாரணைக் குழுவின் முன் சாட்சியாகக் கூறினார். வாழ்வைச் சாபமாகவும் சாவை வரமாகவுங் கொள்ளும் நிலைக்கு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்திய தண்டனை, யாரைத் திருத்தியது, யாருக்குப் பாதுகாப்பளித்தது என்னும் கேள்வி அப்பொழுதுதான் இங்கிலாந்திலே உரக்க எழலாயிற்று.

இக்கேள்விக்கு விடைகாண முயன்றவருள் முதன்மையானவர் கப்டன் அலெக்சாந்தர் மக்கோனக்கி என்பவர். அவர் கண்ட வெற்றியும் தோல்வியும் அவரோடு முடிந்துவிடவில்லை. இன்று உலக நாடுகள் பலவற்றின் சிறைச் சட்டங்களிலே காணப்படும் நல்ல அமிசங்கள் சிலவற்றிற்கு அவருடைய முயற்சியே வித்து. அவர் செய்த பிழைகளும் நமக்குப் பாடமாவன.

அவருடைய காலத்துத் தண்டனை முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே இங்கிலாந்தின் சட்டம் இருநூறுக்கு மேற்பட்ட குற்றங்களுக்கு மரணத்தைத் தண்டனையாக விதித்திருந்தது. கொலைஞனுக்குத் தூக்கு, கடையிலே ஐந்து சிலிங் பெறுமதியான பொருளைக் களவாடியவனுக்குந் தூக்கு. குற்றத்தின் அளவுக்குந் தண்டனையின் அளவுக்கும் யாதொரு பொருத்தமுமில்லை. இத்தகைய சட்டத்தை அப்படியே நிறைவேற்ற நீதிபதிகளுக்கே மனம் வரவில்லை. ஆகவே தூக்குக்குப் பதிலாகப் பலரைக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பும் வழக்கம் பெருகிற்று. முதலில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பினர். அமெரிக்கர் சுதந்திரப் போர் தொடுத்ததும் அவ்வழி அடைபட்டது. 1788 ஆம் ஆண்டு தொடக்கம் அவுஸ்திரேலியா கைதிகளின் நாடாயிற்று. எண்பது ஆண்டுகளுள், ஆணும் பெண்ணும் சிறுவருமாக, ஒரு லட்சத்து அறுபதினாயிரம் பேரளவில் அங்கே கொண்டுபோய் விடப்பட்டனர்.

அவ்வாறு போனவர்களிற் பெரும்பாலோர் குடியேறிய பிரபுக்களுக்கு வேலையாட்களாகப் பகிர்ந்தளிக்கப்பட்டனர். எசமான் நல்லவனாயின் கைதிக்கு நல்வாழ்வு. எசமான் கொடியவனாயின் சவுக்கடி. ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனை பெற்று, ஒரே கப்பலில் வந்திறங்கிய இருவருள் ஒருவன் தோட்டக் காவலனாய்ச் சுகமாக இருந்தான். மற்றவன் முதுகுத்தோல் உரிந்து துடித்தான். நீதிபதி விதித்த தண்டனை ஒன்று. அனுபவித்த தண்டனை வேறொன்று. அது நீதியின் பெயரால் நடந்த குருட்டுச் சீட்டாட்டமேயன்றி வேறல்ல.

மக்கோனக்கி 1787 ஆம் ஆண்டிலே எடின்பரோ நகரிற் பிறந்தவர். இளம் வயதிலே தந்தையை இழந்து, உறவினர் ஒருவரின் ஆதரவில் வளர்ந்தார். 1803 ஆம் ஆண்டிலே கடற்படையிற் சேர்ந்தார். நெப்போலியனோடு இங்கிலாந்து போர் புரிந்த காலம் அது. 1811 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே அவர் பணிபுரிந்த கப்பல் ஒல்லாந்துக் கரையிலே புயலில் அகப்பட்டுப் பகைவர் கைப்பட்டது. கப்பலில் இருந்தோர் கடுங்குளிரிலே பிரான்சு தேசத்து வேர்டன் கோட்டை வரை நடத்திச் செல்லப்பட்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் அங்கே யுத்தக் கைதியாய் இருந்தார். நெப்போலியன் முடி துறந்த 1814 ஆம் ஆண்டிலேதான் அவருக்கு விடுதலை கிடைத்தது. விடுதலை நாளை அறியாது காத்திருப்பவனின் மனம் எவ்வாறு தேய்கின்றதென்பதைச் சிறைக்குள்ளிருந்தே அறிந்தவர் அவர்.

பின்னர் அவர் கல்வித்துறையிலே புகழ் பெற்றார். 1830 ஆம் ஆண்டிலே இலண்டனில் அமைந்த பூமிசாஸ்திரக் கழகத்தின் முதற் காரியதரிசியாகவும், 1833 ஆம் ஆண்டிலே இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியின் முதற் பூமிசாஸ்திரப் பேராசிரியராகவும் விளங்கினார். 1837 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, இன்று தஸ்மேனியா என வழங்கும் வன் டீமன்ஸ் நிலத்துக்கு, அதன் தேசாதிபதியான சேர் யோன் பிராங்கிளினுடைய அந்தரங்கக் காரியதரிசியாகச் சென்றார். சிறைச் சீர்திருத்தத்தில் ஈடுபட்ட இலண்டன் சங்கமொன்று, அந்நாட்டுக் கைதிகளின் நிலையைப்பற்றி ஆராய்ந்தெழுதும்படி அவரைக் கேட்டிருந்தது. அவர் கண்டதைக் கண்டபடி எழுதினார். கைதிகளைப் பகிர்ந்தளிக்கும் முறை அடிமை முறையே என்றும், அது கைதியைக் கெடுப்பதோடு எசமானையுங் கெடுக்கின்றது என்றும் அவர் கூறினார். அவ்வறிக்கை இங்கிலாந்திலே பாராளுமன்றப் பத்திரமாக அச்சிடப்பட்டது. செய்தி தீவுக்குத் திரும்பி வந்ததும், கைதிகளின் உழைப்பால் வாழ்ந்த குடியேற்றவாசிகள் சினந்தெழுந்தனர். பிராங்கிளின் அவரைப் பதவியினின்றும் நீக்கினார். எனினும் அவ்வறிக்கை வீண்போகவில்லை. 1838 ஆம் ஆண்டிலே பாராளுமன்ற விசாரணைக் குழு பகிர்ந்தளிக்கும் முறையைக் கண்டித்தது. 1840 ஆம் ஆண்டிலே நியூ சவுத் வேல்ஸ் நாட்டுக்குக் கைதிகளை அனுப்புதல் நிறுத்தப்பட்டது.

குறை கூறியதோடு மக்கோனக்கி நின்றுவிடவில்லை. மாற்று வழி ஒன்றையும் வகுத்தார். அதுவே 'புள்ளி முறை' எனப் பெயர் பெற்றது. அதன் அடிப்படை மிக எளிமையானது. கைதிக்குக் காலத்தைத் தண்டனையாக விதிப்பதற்குப் பதிலாக, வேலையைத் தண்டனையாக விதிக்கவேண்டும் என்றார் அவர். ஏழாண்டு மறியல் விதிக்கப்பட்டவன் என்ன செய்தாலும் ஏழாண்டு கழியும். ஒன்றுஞ் செய்யாவிட்டாலும் ஏழாண்டு கழியும். ஆகையால் நாளைக் கடத்துவதொன்றே அவனுடைய தொழிலாகின்றது. சோம்பலும் வஞ்சகமும் அவனுக்குப் பழகிவிடுகின்றன. ஆனால், இவ்வளவு உழைப்பை நீ உலகத்துக்குக் கடன்பட்டிருக்கின்றாய், அதனைத் தீர்த்த அன்றே நீ சுதந்திரன் என்று சொல்லுங்கள். அவன் விடியுமுன் எழுந்து வேலை செய்வான். சிறைக்கதவின் திறவுகோல் அவன் கையிலேயே இருக்கின்றது என்பார் அவர்.

இதற்கேற்ப, ஏழாண்டுத் தண்டனை பெற்றவன் 6000 புள்ளிகளும், பத்தாண்டுத் தண்டனை பெற்றவன் 7000 புள்ளிகளும், ஆயுட் தண்டனை பெற்றவன் 8000 புள்ளிகளுஞ் சேர்த்தல் வேண்டும். உழைப்புக்கும் நன்னடத்தைக்கும் நாள்தோறும் புள்ளிகள் வழங்கப்படும். கட்டாய உணவுக்கு மேலாக வேண்டிய வசதிகளைக் கைதி அப்புள்ளிகளைக் கொடுத்தே வாங்கவேண்டும். எனவே சிக்கனமாய் இருப்பவன் விரைவில் விடுதலை பெறுவான். இன்றைய இன்பத்துக்காகப் புள்ளிகளைச் செலவிடுபவன் நாளைய சுதந்திரத்தைத் தள்ளிப்போடுவான். குற்றஞ் செய்தால் சவுக்கடி இல்லை, புள்ளிகள் குறைக்கப்படும். முதற்கட்டத்திலே கண்டிப்பு. அடுத்த கட்டத்திலே கைதிகள் அறுவராகத் தாமே கூடிக் குழுவமைக்கலாம். அக்குழுவில் ஒருவன் இழக்கும் புள்ளியை யாவரும் இழப்பர். ஒருவன் பிழைக்கு மற்றவர் பொறுப்பேற்பது நீதியோ என்னும் ஐயம் இவ்விடத்தில் எழுதல் இயல்பே. குடும்பத்திலும் ஊரிலும் ஒருவன் செய்கை மற்றவரைத் தாக்குகின்றதல்லவா, அதனைச் சிறையிலேயே பழகட்டும் என்பது அவர் கருத்து. புள்ளிகள் நிறைந்தபின் அனுமதிச் சீட்டோடு வெளியே வாழும் கட்டம் வரும்.

இம்முறையைச் சோதித்துப் பார்க்கும்படி 1840 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே மக்கோனக்கி நோர்போக் தீவின் அத்தியட்சராக அனுப்பப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. மனைவியும் மக்களும் உடன் சென்றனர். இங்கிலாந்திலிருந்து நேரே வந்த புதிய கைதிகளுக்கு மாத்திரமே புதிய முறை உரியது என்றும், ஆயிரத்துக்கு மேற்பட்ட பழைய கைதிகளுக்குப் பழைய கடுமையே உரியது என்றும் மேலிடத்துக் கட்டளை. சிறு தீவிலே ஒருவன் நம்பிக்கையோடு உழைக்க, அவனருகே மற்றொருவன் நம்பிக்கையிழந்து விலங்கோடு உழைத்தல் எங்ஙனம் இயலும்? மக்கோனக்கி எல்லோருக்கும் புதிய முறையையே அறிவித்தார்.

அவ்வாண்டு மே மாதம் 25 ஆந் திகதி விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள் தீவிலே கொண்டாடப்பட்டது. சிறைக் கதவுகள் திறந்துவிடப்பட்டன. கொலைகாரரும் கொள்ளைக்காரருமென உலகம் ஒதுக்கிய கைதிகள், ஏறக்குறைய 1800 பேர், காவலின்றித் தீவெங்கும் உலாவினர். அவர்களுக்கு நல்ல உணவு வழங்கப்பட்டது. மகாராணியின் நலத்தை வாழ்த்திக் குடிப்பதற்குச் சிறிதளவு றம் கலந்த பானமுங் கொடுக்கப்பட்டது. கைதிகளே நடிகராகி நாடகம் ஆடினர். இரவிலே வாணவேடிக்கை நிகழ்ந்தது. மக்கோனக்கியும் மனைவியும் அக்கூட்டத்தினிடையே காவலரின்றி நடந்து சென்றனர். மாலையில் ஊதுகொம்பு ஒலித்ததும் கைதிகள் யாவரும் அமைதியாகச் சிறைக்குத் திரும்பினர். அன்று ஒரு களவோ, ஒரு கலகமோ அங்கு நிகழவில்லை.

சிட்னிப் பத்திரிகைகள் இச்செய்தியைக் கேட்டு எள்ளி நகையாடின. தண்டனைத் தீவிலே கைதிகளுக்கு விருந்தா என்று கேட்டனர். நியூ சவுத் வேல்ஸ் தேசாதிபதி சேர் யோர்ஜ் கிப்ஸ் திகைப்படைந்து, பழைய கைதிகளுக்குப் புதிய முறையை நீட்டக்கூடாதென மீண்டும் வற்புறுத்தினார். மக்கோனக்கியோ தம்மாலியன்ற அளவு தம் வழியிலேயே சென்றார். சிறை வாயிலிலே எந்நேரமும் நின்ற தூக்குமரத்தை அகற்றினார். சவுக்கடியைப் பெரிதுங் குறைத்தார். கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் தனித்தனித் தேவாலயங்கள் அமைத்தார். யூதக் கைதிகளுக்குத் தொழுகைக்கு ஓரிடம் ஒதுக்கினார். புத்தகங்களும் இசைக் கருவிகளும் தருவித்தார். கைதிகளுக்குச் சிறு தோட்டங்கள் கொடுத்து, விளைந்ததைத் தாமே உண்ணவும் விற்கவும் இடமளித்தார். இறந்த கைதியின் சமாதிக்குப் பெயர் பொறித்த கல் நாட்டுவதற்கும் அனுமதித்தார். உயிரோடிருந்தபோது எண்ணாக மாத்திரம் இருந்தவனுக்கு, இறந்தபின்னாவது ஒரு பெயர் கிடைத்தது.

அவரே எழுதிவைத்த ஒரு கைதியின் வரலாறு கேட்போர் நெஞ்சை உருக்குவது. சாள்ஸ் அன்டர்சன் என்பவன் கடற்படையிற் பணிபுரிந்து, போரிலே தலையிற் காயமுற்றவன். அக்காயத்தின் பின்னர் மதுவுண்டால் அவன் அறிவு தடுமாறும். அந்நிலையிலே செய்த குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டு, ஓட முயன்றமைக்காகவும் கீழ்ப்படியாமைக்காகவும் நூற்றுக்கணக்கான சவுக்கடிகள் பெற்றான். ஈற்றில் சிட்னித் துறைமுகத்துச் சிறு தீவொன்றிலே பாறையோடு சேர்த்துச் சங்கிலியாற் பிணிக்கப்பட்டான். படகிற் செல்வோர் அவனுக்கு உணவெறிந்து வேடிக்கை பார்ப்பராம். அவன் நோர்போக் தீவுக்கு வந்தபோது மனிதரைக் கண்டாற் சீறிப்பாயும் நிலையில் இருந்தான். மக்கோனக்கி அவனுக்குக் கொடுத்த வேலை, எவராலும் அடக்கமுடியாத எருதுகளைப் பழக்குவது. எவரும் அவன் பக்கம் நெருங்கித் தொல்லை செய்யக்கூடாதென உத்தரவிட்டார். எருதுகள் அடங்கின, அவனும் அடங்கினான். பின்னர் மலையுச்சியிலே வருங் கப்பல்களைப் பார்த்துக் கொடி காட்டும் பொறுப்பு அவனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவனுடைய நோய் முற்றாக நீங்கவில்லை. ஆனால் மிருகம் எனப்பட்டவன் கடமை தவறாத காவலாளியானான்.

இவ்வளவு நன்மை விளைந்தும் மக்கோனக்கியின் முயற்சிக்கு அடியிலே ஒரு பெருங்குறை இருந்தது. அவர் வழங்கிய புள்ளிகளுக்குச் சட்டத்தின் பலம் இல்லை. நீதிபதி விதித்த காலத்தைக் குறைக்கத் தீவின் அத்தியட்சருக்கு அதிகாரமில்லை. தேசாதிபதியும் அதற்கு உடன்படவில்லை. கைதிகள் மாய்ந்து மாய்ந்து உழைத்துப் புள்ளிகளைச் சேர்த்து முடித்தனர். கதவோ திறக்கவில்லை. 'திறவுகோல் உன் கையில்' என்று சொல்லப்பட்டவன், அத்திறவுகோலுக்கேற்ற பூட்டு இல்லையென்பதைக் கண்டான். வேறு வழியின்றி, தீவுக்குள்ளேயே சுதந்திரமாய் உழுது பயிரிட்டு வாழும் அனுமதிச் சீட்டுகளை மக்கோனக்கி வழங்கினார். அவருடைய சொல்லிலே கைதிகள் வைத்த நம்பிக்கையொன்றே அவ்வளவு காலமும் அமைதி காத்தது.

1843 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கிப்ஸ் முன்னறிவித்தலின்றித் தீவுக்கு வந்திறங்கினார். ஆறு நாட்கள் எல்லாவற்றையும் நேரிற் பார்த்தார். கைதிகளைத் தனித்தனியே விசாரித்தார். முன்பு குறை கூறிய அவரே, ஒழுங்கும் அமைதியும் நிலவுவதைக் கண்டு, பெரும்பாலும் சாதகமான அறிக்கையை இலண்டனுக்கு அனுப்பினார். ஆனால் அக்கடிதம் இங்கிலாந்தை அடையுமுன்பே, ஏப்ரில் மாதத்திலே, மந்திரி ஸ்டான்லி பிரபு மக்கோனக்கியைத் திருப்பியழைக்கும் உத்தரவை அனுப்பிவிட்டார். புகழ்ந்த கடிதமும் நீக்கிய கடிதமும் நடுக்கடலிலே ஒன்றையொன்று கடந்து சென்றன. 1844 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே மக்கோனக்கி தீவைவிட்டுப் புறப்பட்டார்.

அவருக்குப்பின் வந்த மேஜர் யோசப் சைல்ட்ஸ் பழைய கடுமையை மீண்டும் புகுத்தினார். கைதிகளின் தோட்டங்கள் பறிக்கப்பட்டன. 1846 ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி, தம் உணவைத் தாமே சமைக்கக் கைதிகள் வைத்திருந்த பாத்திரங்களும் பறிக்கப்படவே, அவர்கள் கலகஞ் செய்து காவல் புரிந்தோர் நால்வரைக் கொன்றனர். அவ்வாண்டு ஒக்டோபர் 13 ஆந் திகதி பன்னிரு கைதிகள் தூக்கிலிடப்பட்டனர். மயானத்துக்கு வெளியே, பெயருங் கல்லுமின்றி, அவர்கள் ஒரே குழியிற் புதைக்கப்பட்டனர். 'கொலைகாரர் மேடு' என்னும் பெயரோடு அவ்விடம் இன்றும் காட்டப்படுகின்றது. இரண்டரை ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த மாற்றம் இது. தீவு அதுவே, சட்டமும் அதுவே, கைதிகளிற் பலரும் அவர்களே. மேலிருந்த மனிதர் ஒருவரே மாறினார். அம்மனிதர் மாறியதும் எல்லாம் மாறின.

ஈண்டு நாம் சிந்திக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. அதிகாரியின் இரக்கத்தை மாத்திரம் நம்பி நிற்கும் சீர்திருத்தம், அவ்வதிகாரியின் இடமாற்றத்தோடு மறைந்துவிடும். சட்டத்திலே பொறிக்கப்பட்ட உரிமையே அதிகாரி போனபின்னும் நிற்கும். மக்கோனக்கியின் பிற்கால வாழ்வும் இதனையே வேறொரு வகையில் உணர்த்துகின்றது. 1849 ஆம் ஆண்டிலே அவர் பேர்மிங்காம் நகரிலே புதிதாய்க் கட்டப்பட்ட சிறையின் அதிபரானார். இரண்டாண்டுகளில் அங்கிருந்தும் நீக்கப்பட்டார். அவருக்குப்பின் அப்பதவியேற்றவரின் கொடுமை தாங்காது 1853 ஆம் ஆண்டிலே பதினைந்து வயதுச் சிறுவனொருவன் சிறையறையிலே தூக்கிட்டு மாண்டான். அதன்பின் நியமிக்கப்பட்ட அரச விசாரணைக்குழு அவ்வதிபரை வன்மையாகக் கண்டித்தது. அதே குழு, மக்கோனக்கியின் நல்லெண்ணத்தை ஒப்புக்கொண்டபோதிலும், சட்டம் அனுமதியாத தண்டனைகளை அவருங் கையாண்டாரென்று குறை கூறிற்று. நல்ல நோக்கம் இருப்பதனால் ஒருவர் சட்டத்துக்கு மேற்பட்டவராகிவிட முடியாது. சிறைக்குள்ளே அடைபட்டவனுக்குச் சட்டத்தைவிட வேறு துணை ஏது?

மக்கோனக்கி 1860 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே காலமானார். ஆனால் அவர் விதைத்த வித்து அதற்கு முன்பே ஐயர்லாந்திலே முளைத்துவிட்டது. 1854 ஆம் ஆண்டிலே அந்நாட்டுச் சிறைகளின் தலைமையேற்ற சேர் வால்டர் குறொப்டன் புள்ளி முறையைச் சட்டத்துக்கு அமையச் செய்தார். முதலிலே தனிச்சிறை, அடுத்து, புள்ளிகள் பெற்று ஏறிச்செல்லும் கூட்டு வேலை, மூன்றாவதாக, மதிலும் பூட்டுமின்றி, கைதியின் சொல்லையே நம்பி வைத்த இடைநிலைச் சிறை, ஈற்றிலே அனுமதிச் சீட்டு. இம்முறையிலே ஓர் ஆசிரியரின் பணி குறிப்பிடத்தக்கது. யேம்ஸ் ஓகன் என்னும் அவ்வாசிரியர் கைதிகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்ததோடு நில்லாது, அவர்கள் வெளியேறியபின் டப்ளின் நகரிலே முதலாளிமாரை நேரிற் கண்டு வேலை தேடிக் கொடுத்தார். பின்னரும் அவர்களைச் சென்று பார்த்து வந்தார். சிறையைவிட்டு வெளியேறுபவனுக்கு வேண்டியது புத்திமதியோடு வேலையும், அவனை அறிந்த ஒருவரின் கண்ணோட்டமுமே என்பதை அவர் செயலிற் காட்டினார்.

ஐயர்லாந்திலிருந்து இக்கருத்து அமெரிக்கா சென்றது. 1870 ஆம் ஆண்டிலே சின்சினாற்றி நகரிற் கூடிய சிறைச் சீர்திருத்த மகாநாடு, தண்டனையின் நோக்கம் பழிவாங்குதலன்று, திருத்துதலே எனப் பிரகடனஞ் செய்தது. 1876 ஆம் ஆண்டிலே நியூயோர்க் இராச்சியத்தில் எல்மைரா என்னுமிடத்திலே இளங் குற்றவாளிகளுக்கான சீர்திருத்தச்சாலை திறக்கப்பட்டது. அங்கே கைதிக்குத் திட்டமான காலம் விதிக்கப்படவில்லை. அவன் திருந்தினான் எனச் சிறையதிகாரிகள் கருதும்போது விடுதலை. இது மக்கோனக்கியின் கனவு நனவானதுபோலத் தோன்றிற்று. ஆனால் 1890 களிலே அங்கு நடந்த விசாரணையில், அச்சீர்திருத்தச்சாலையின் தலைவரான புறொக்வே என்பவர் கைதிகளை ஈவிரக்கமின்றி அடித்துவந்தமை வெளியாயிற்று. திருத்துகின்றோம் என்ற பெயராலே கொடுமை நடந்தது. 'நீ இன்னுந் திருந்தவில்லை' என்ற ஒரு சொல்லால் ஒருவனை ஆண்டுக்கணக்கிலே அடைத்து வைக்கவும் முடிந்தது. மக்கோனக்கி திறவுகோலைக் கைதியின் கையிலே கொடுக்க விரும்பினார். எல்மைராவிலே அது அதிகாரியின் சட்டைப்பைக்குப் போய்விட்டது.

திருத்தத்தை விரும்புவோர் நியாயத்தை மறந்துவிடலாகாது என்பதை இருபதாம் நூற்றாண்டிலே தெளிவாக எடுத்துரைத்தவருள் ஒருவர், நியூசீலந்திற் பிறந்த சட்டப் பேராசிரியர் நோர்வல் மொரிஸ். 1974 ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட நூலிலே, கைதிக்குக் கல்வியும் பயிற்சியும் சிகிச்சையும் அளிக்கவேண்டியது அவசியமே. ஆனால் அவற்றை ஏற்றானா மறுத்தானா என்பதைக் கொண்டு அவன் விடுதலையை நீட்டுவதோ குறுக்குவதோ கூடாது என்று வாதித்தார். அவரே 2002 ஆம் ஆண்டிலே மக்கோனக்கியின் நோர்போக் தீவு அனுபவத்தைப்பற்றி ஒரு நூல் எழுதினார்.

இப்பேராசிரியருக்கும் இலங்கைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1956 ஆம் ஆண்டிலே பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் மரணதண்டனையை நிறுத்திவைக்கத் தீர்மானித்தது. 1958 ஆம் ஆண்டிலே அதற்கான சட்டமும் நிறைவேறிற்று. அவ்வாண்டிலேயே மரணதண்டனையைப்பற்றி ஆராய்வதற்கென நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவுக்கு மொரிஸ் தலைவரானார். மரணதண்டனை கொலைகளைக் குறைக்கின்றது என்பதற்குத் தக்க ஆதாரமில்லையெனக் கண்ட அக்குழு, நிறுத்திவைத்தல் தொடரவேண்டுமென 1959 ஆம் ஆண்டிலே பரிந்துரைத்தது. அதே ஆண்டு செத்தெம்பர் 25 ஆந் திகதி பிரதம மந்திரி சுடப்பட்டார். மறுநாள் உயிர் நீத்தார். தம்மைச் சுட்டவன்மீது பழிவாங்காது இரக்கங் காட்டும்படி அவர் மரணப்படுக்கையிலே வேண்டிக்கொண்டார். நாடு துயரத்திலுஞ் சினத்திலும் ஆழ்ந்திருந்தது. அவ்வாண்டு முடியுமுன் மரணதண்டனை மீண்டுஞ் சட்டமாயிற்று. 1962 ஆம் ஆண்டு யூலையிலே கொலையாளி தூக்கிலிடப்பட்டான். ஆயினும், 1976 ஆம் ஆண்டு யூனின் பின்னர் இலங்கையிலே எவரும் தூக்கிலிடப்படவில்லை.

தண்டனைச் சட்டத்தின் வரலாறு ஒரே திசையிற் செல்லும் நதியன்று என்பதை இது காட்டுகின்றது. அமைதியான காலத்திலே ஆராய்ந்து கண்ட முடிவைக் கொந்தளிப்பான காலத்துச் சினம் ஒரு நொடியில் மாற்றிவிடுகின்றது. அச்சினம் இயற்கையானது. தன் மகனை இழந்த தாயிடம், தன் பொருளைப் பறிகொடுத்த ஏழையிடம், குற்றவாளிக்கு இரக்கங் காட்டென்று எளிதிற் சொல்லிவிட முடியாது. மக்கோனக்கியும் தண்டனை வேண்டாம் என்று கூறியவரல்லர். குற்றஞ் செய்தவன் கடன்பட்டவன், அக்கடனை அவன் தன் உழைப்பாலே தீர்க்கவேண்டும் என்றே அவர் கூறினார். ஆனால் கடன் தீர்ந்தபின் அவன் கடனாளியல்லன் என்பதையும் அவர் சேர்த்துக் கூறினார். சிறைப்பட்டோரிற் பெரும்பாலோர் என்றோ ஒருநாள் வெளியே வருவர். நம் தெருவிலேயே நடப்பர். நம் பிள்ளைகளின் அருகிலேயே வாழ்வர். அவர் எத்தகைய மனிதராய் வெளிவருகின்றனர் என்பது அவர் உள்ளே எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதைப் பொறுத்தது. ஆகவே சிறைச் சீர்திருத்தம் கைதிக்குச் செய்யும் தருமம் மாத்திரமன்று. சமுதாயந் தனக்குத் தானே செய்துகொள்ளும் பாதுகாப்புமாகும்.

நோர்போக் தீவின் சிறை 1855 ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. பழைய சிறையின் இடிந்த மதில்களும், அதிகாரிகளின் மனைகளும், கடலோர மயானமும் இன்றும் அங்கே காணப்படுகின்றன. 2010 ஆம் ஆண்டிலே அவை அவுஸ்திரேலியக் கைதிகளின் வரலாற்றை உணர்த்தும் உலக மரபுச் சின்னங்களுள் அடங்கின. அங்கு செல்வோர் இரு வகையான புதைகுழிகளைக் காணலாம். மயானத்துக்குள்ளே கைதிகளின் பெயர் பொறித்த கற்கள் நிற்கின்றன. மயானத்துக்கு வெளியே பெயரற்ற மேடு கிடக்கின்றது. குற்றம் புரிந்த மனிதனை எவ்வாறு நடத்துவது என்பதற்கு அத்தீவு கண்ட இரண்டு விடைகளும் அங்கே அருகருகே இருக்கின்றன. எதனைத் தெரிந்துகொள்வது என்னும் கேள்வி, சட்டம் இயற்றுவோர்க்கும் அவரைத் தெரிவுசெய்யும் பொதுமக்களுக்கும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாய் எழுவதாகும்.